வாங்கிய சரக்கை விற்கும்போது விலை சொல்வது எப்படி?

வியாபாரம் நம் மார்க்கத்தில் ஆகுமாக்கப்பட்டது மட்டுமன்று, கண்ணியமான தொழிலுமாகும். நமது நாயகம் (ஸல்) அவர்களே, நுபுவ்வத் கிடைப்பதற்கு முன்னர், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளை ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்று விற்று வந்தார்கள் என்பதை நாமறிவோம்.

ஒரு காலத்தில் கடைவீதியோடு நின்றிருந்த வியாபாரம், இன்று வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. சென்னைக்கோ ஈரோட்டுக்கோ போய்ப் புடவையும் சுடிதாரும் வாங்கி வந்து அக்கம்பக்கத்தில் விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் புர்காவின் படத்தைக் காட்டி, விலை சொல்லி, பணத்தை வாங்கிக்கொண்டு, அதன் பிறகே சரக்கை வாங்கி அனுப்புவோரும் இருக்கிறார்கள். பெட்டிக்கடை வைத்திருப்போர், ஊருக்குப் போகிறவரிடம் சொல்லிப் பொருள் வாங்கி வரச் செய்வோர் என, கடைச் சரக்கை வாங்கி மறுபடியும் கைமாற்றாத குடும்பம் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

இவர்கள் ஆலிம்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “எவ்வளவு லாபம் வைக்கலாம், ஹஜரத்?” ஆனால் ஃபிக்ஹு கிதாபுகளைப் புரட்டிப் பார்த்தால், லாபத்தின் அளவைப் பற்றி அவை சொற்பமாகவே பேசுகின்றன. விலை சொல்லும் நாவைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. விலை வைப்பது உங்கள் உரிமை. ஆனால் அந்த விலையோடு சேர்த்துச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அமானிதம். இந்தப் பாடத்தின் சாரம் இதுவே. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லாபத்துக்கு வரம்பு உண்டா?

உர்வா அல்பாரிகீ (ரலி) என்ற ஸஹாபியிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து, ஓர் ஆடு வாங்கி வரும்படி அனுப்பினார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கினார். அவற்றில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். பிறகு ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டு வந்து நாயகத்தின் முன் வைத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும்படி நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். இது புகாரியில் வரும் ஹதீஸின் கருத்தாகும்.

அரை தீனாருக்கு வாங்கிய ஆடு ஒரு தீனாருக்கு விற்கப்பட்டிருக்கிறது. அதாவது நூற்றுக்கு நூறு லாபம். நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை, துஆவே செய்தார்கள். ஆகவே லாபத்துக்கு இத்தனை சதவீதம்தான் என்று ஷரீஅத் வரம்பு கட்டவில்லை என்பது தெளிவு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இதையே தீர்மானித்தது: லாபத்துக்குக் குறிப்பிட்ட விகிதம் கிடையாது, சந்தை நிலவரத்துக்கும் சரக்கின் தன்மைக்கும் ஏற்ப விற்கலாம், ஆனால் மோசடி, ஏமாற்று, பதுக்கல் முதலான ஹராம்கள் அதில் கலக்கலாகாது.

சிலர், ஐந்து சதவீதத்துக்கு மேல் லாபம் வைத்தால் ஹராம் என்று நினைத்திருக்கிறார்கள். இது ஒரு மஸ்அலாவைப் பிசகாக விளங்கியதால் வந்தது. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்ற சட்டத் தொகுப்பில், சாதாரணச் சரக்குகளில் இருபதில் ஒரு பங்கு, கால்நடைகளில் பத்தில் ஒரு பங்கு, வீடு நிலங்களில் ஐந்தில் ஒரு பங்கு என்று ஓர் அளவு சொல்லப்பட்டுள்ளது. அது லாபத்தின் வரம்பன்று. சந்தை மதிப்பை விட எவ்வளவு கூடினால் அதைப் ‘பெரிய நஷ்டம்’ (கப்னு ஃபாஹிஷ்) என்று கருதலாம் என்பதற்கான அளவுகோல் அது. அப்போதும், விற்றவர் ஏமாற்றியிருந்தால்தான் வாங்கியவருக்கு வியாபாரத்தை முறிக்கும் உரிமை வரும். ஷாஃபிஈ மத்ஹபிலும் விலை கூடிப்போனது என்ற ஒரே காரணத்துக்காக முறிக்கும் உரிமை கிடையாது.

நீங்கள் விற்பவரா, வாங்கித் தருபவரா?

உர்வா (ரலி) அவர்களின் ஹதீஸில் இன்னொரு பாடமும் உண்டு. நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. மீதி வந்த தீனாரை உர்வா (ரலி) தம் பையில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்டோடு சேர்த்து அதையும் நாயகத்திடமே ஒப்படைத்தார்கள். காரணம், அவர் அங்கே வியாபாரியாகப் போகவில்லை. நாயகத்தின் வகீலாகப் போனார். வகீலுடைய சாமர்த்தியத்தால் கிடைத்த லாபமும் அனுப்பியவருக்கே சொந்தமாகும்.

இதை நம் வீடுகளில் நடப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். “தம்பி, சென்னைக்குத்தானே போறே? எனக்கும் ஒரு மிக்ஸி வாங்கிட்டு வா, காசு வந்ததும் தர்றேன்” என்று லாத்தா சொல்கிறாள். தம்பியும் சரி என்கிறான். அந்த விநாடியே அவன் லாத்தாவின் வகீலாகிவிட்டான். கடையில் 3,400 ரூபாய்க்கு வாங்கி, லாத்தாவிடம் 3,800 ரூபாய் என்று சொன்னால், அந்த 400 ரூபாய் லாபமன்று; கியானத், அதாவது நம்பிக்கைத் துரோகம். கடைக்காரர் தள்ளுபடியாகக் குறைத்த தொகையும் லாத்தாவையே சேரும். “வாங்கி வருபவருக்கு” என்று கடைக்காரர் கொடுக்கும் கமிஷனையும் லாத்தாவிடம் சொல்லி, அவள் மனமொப்பிய பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும். தன்னிடம் ஏற்கெனவே இருந்த மிக்ஸியையே கடையில் வாங்கியதுபோலக் கொடுப்பதும் கூடாது. வகீல் தன்னிடமே தான் வாங்கிக்கொள்ள முடியாது.

அப்படியானால் போய் வரும் சிரமத்துக்குக் கூலி எதிர்பார்க்கக் கூடாதா? தாராளமாக எதிர்பார்க்கலாம். ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று: “கடை விலையை அப்படியே சொல்கிறேன், என் அலைச்சலுக்கு 200 ரூபாய் தர வேண்டும்” என்று கூலியைத் திட்டமாகப் பேசிக்கொள்வது.

இரண்டு: “நான் எனக்காக வாங்கி வருகிறேன், வந்தபின் 3,800 ரூபாய்க்கு உனக்கு விற்பேன், பிடித்தால் வாங்கிக்கொள்” என்று சொல்லிவிடுவது. இதில் அவன் சொந்தப் பொறுப்பில் வாங்குகிறான். வழியில் உடைந்தால் நஷ்டம் அவனுடையது. ஆகவே லாபமும் அவனுடையது. லாத்தா வேண்டாமென்றாலும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது.

இரண்டு வழிகளிலும் லாத்தாவின் கையை விட்டுப் போகும் பணம் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒன்று ஹலாலான சம்பாத்தியம். சொல்லாமல் வைத்துக்கொண்டது ஹராமான சம்பாத்தியம்.

கைக்கு வராத சரக்கை விற்பது

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வியாபாரி. ஒருவர் வந்து தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்கிறார். அதை அவருக்கு விற்றுவிட்டு, பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று நாயகத்திடம் கேட்டார்கள். உம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய கிதாபுகளில் இது வந்துள்ளது. கைப்பேசியில் படம் காட்டி விற்பவரின் கேள்வியும் ஏறத்தாழ இதுவேயன்றோ!

வாங்கிய பிறகும், கைப்பற்றும் (கப்ளு) முன் விற்கலாகாது. இப்னு உமர் (ரலி) அவர்கள் சந்தையில் எண்ணெய் வாங்கினார்கள். அங்கேயே ஒருவர் நல்ல லாபம் தருவதாகச் சொல்ல, பேரத்தை முடிக்கக் கையை நீட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர் கையைப் பிடித்தார். திரும்பிப் பார்த்தால் ஜைது இப்னு ஸாபித் (ரலி). வாங்கிய இடத்திலேயே விற்காமல், சொந்த இடத்துக்குக் கொண்டு சென்ற பிறகே விற்க வேண்டுமென நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை அவர் நினைவூட்டினார். இதை அபூதாவூத் அறிவிக்கிறார்கள்.

இதன் காரணத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். சரக்கு கைக்கு வரும் வரை அது கெட்டாலும் தொலைந்தாலும் நம் தலையில் விழாது. நஷ்டத்துக்குப் பொறுப்பேற்காத பொருளில் லாபம் தேடுவதை ஷரீஅத் ஏற்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் எந்தப் பொருளையும் கைப்பற்றுமுன் விற்கக் கூடாது. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் நிலம், வீடு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்களித்தார்கள். துணிமணி, பாத்திரம், மின்சாரச் சாமான் ஆகியவற்றில் இரு மத்ஹபுகளும் ஒன்றே.

கைப்பற்றுவது என்றால் தலையில் சுமந்துதான் வர வேண்டும் என்பதில்லை. உங்கள் ஆள் பெற்றுக்கொண்டால் போதும். உங்களுக்கெனச் சரக்கைப் பிரித்து வைத்து, எடுத்துக்கொள்ளத் தடையின்றி விட்டுவிடுவதும் கைப்பற்றியதாகவே ஆகும் என்று, 1990-இல் ஜித்தாவில் கூடிய மேற்சொன்ன ஃபிக்ஹு அகாடமி விளக்கியிருக்கிறது.

படம் காட்டி விற்கும் சகோதரிகள் செய்ய வேண்டியது இதுதான்: முதலில் வியாபாரத்தை முடிக்காமல், “பிடித்திருந்தால் சொல்லுங்கள், வரவழைத்துத் தருகிறேன்” என்று மட்டும் பேசுங்கள். சரக்கு கைக்கு வந்த பிறகு விற்பனையை முடியுங்கள். அல்லது கடையின் வகீலாகவோ வாங்குபவரின் வகீலாகவோ இருந்து, பேசிய கமிஷனைப் பெறுங்கள். அல்லது ஸலம் முறையைக் கைக்கொள்ளலாம். அதாவது அளவு, நிறம், தரம் எல்லாவற்றையும் வர்ணித்து, முழுத் தொகையையும் பேச்சு நடக்கும் இடத்திலேயே முன்பணமாக வாங்கிக்கொள்வது. ஹனஃபி மத்ஹபில் அதற்குத் தவணை நாள் குறிப்பது அவசியம். ஷாஃபிஈ மத்ஹபில் தவணையின்றியும் கூடும்.

அடக்கம் சொல்லி விற்பது

வியாபாரம் இரண்டு விதமாக நடக்கிறது. கொள்முதலைச் சொல்லாமல், “இந்தப் புடவை 1,100 ரூபாய்” என்று விலை கூறிப் பேரம் பேசி விற்பது ஒன்று. இதற்கு முஸாவமா என்று பெயர். எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்டாலும் சொல்ல வேண்டிய கடமையில்லை. “அதை விடுங்கள், என் விலை இது” என்று சொல்லிவிடலாம்.

மற்றொன்று, அடக்க விலையைச் சொல்லி அதன்மேல் லாபம் வைப்பது. இது முராபஹா. லாபமே இல்லாமல் “அசலுக்கே தருகிறேன்” என்றால் அது தவ்லியா. வாங்குபவர் நம் சொல்லை நம்பியே இங்கு விலை கொடுப்பதால் இவற்றை அமானித வியாபாரம் என்பார்கள். வாயைத் திறந்து அடக்கத்தைச் சொன்னால் அது உண்மையாகவே இருக்க வேண்டும்.

உதாரணமாக, ஒருவர் “எனக்கு அடக்கம் 1,000 ரூபாய், பத்து சதவீதம் லாபம் கொடுங்கள்” என்று 1,100 ரூபாய்க்கு விற்றார். அடக்கம் 900 ரூபாய்தான் என்பது பிறகு தெரியவந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, கூட்டிச் சொன்ன 100 ரூபாயும் அதற்குரிய லாபம் 10 ரூபாயும் கழிந்து, விலை 990 ரூபாயாகிவிடும். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் சொல்லும் இவ்வாறே. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடத்தில், வாங்கியவர் 1,100 ரூபாய்க்கே வைத்துக்கொள்ளலாம். அல்லது சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அசலுக்குத் தருவதாகச் சொல்லி ஏமாற்றியிருந்தாலோ, கூட்டிய தொகை கழிக்கப்பட வேண்டும் என்பது அவர்களின் தீர்ப்பு.

சொற்களிலும் கவனம் வேண்டும். 800 ரூபாய்க்கு வாங்கிய துணிக்கு லாரி வாடகையும் சுமைகூலியுமாக 60 ரூபாய் ஆகியிருந்தால், “எனக்கு 860 ரூபாய் அடக்கமாகிறது” என்று சொல்லலாம். “860 ரூபாய்க்கு வாங்கினேன்” என்று சொன்னால் அது பொய். தானே சுமந்து வந்ததற்கும் தானே தைத்ததற்கும் கூலி கற்பித்து, அதை அடக்கத்தில் சேர்ப்பதும் ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது; அதை லாபத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடனுக்கு வாங்கிய சரக்கென்றால் அதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் கடன் விலை ரொக்க விலையை விடக் கூடுதலாக இருப்பது வழக்கம்.

விலையைச் சுற்றி வரும் பொய்கள்

“அல்லாஹ் மேல் ஆணையாக இதில் எனக்கு ஒரு ரூபாய்கூட லாபமில்லை” என்று சிலர் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். பொய்ச் சத்தியம் சரக்கை விற்றுத் தரலாம். ஆனால் பரக்கத்தை அழித்துவிடும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பொய்ச் சத்தியம் செய்து சரக்கைத் தள்ளுபவரை, கியாமத்து நாளில் அல்லாஹ் பேசவும் பார்க்கவும் விரும்பாத மூவரில் ஒருவராகவும் எண்ணியுள்ளார்கள். ஐம்பது ரூபாய் லாபத்துக்காக இந்த விலையைக் கொடுப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

வாங்கும் எண்ணமில்லாத ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, “நான் 1,500 ரூபாய்க்குக் கேட்டேனே, தரவில்லையே” என்று சொல்ல வைப்பது நஜ்ஷ் ஆகும். இதுவும் ஹதீஸில் தடுக்கப்பட்டதே. 600 ரூபாய்க்கு விற்று வந்த பொருளுக்கு 1,200 ரூபாய் என்று சீட்டு ஒட்டி, “பாதி விலைத் தள்ளுபடி” என்று அறிவிப்பதும் பொய்யின் இனத்தையே சேரும். பிரித்துப் பயன்படுத்திய பொருளை மறுபடி ஒட்டிப் புதியது என்று புதிய விலைக்கு விற்பது குறையை மறைப்பதாகும். குறையை மறைத்து விற்றதை அறிந்தவர் திருப்பிக் கொடுக்கும் உரிமை பெறுவார்.

ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குக் கூடுதல் விலை என்பது ஆகுமானதே. ஆனால் இரண்டில் எது என்று முடிவு செய்த பிறகே பிரிய வேண்டும். முடிவான பிறகு, தவணை தவறியதற்காக ஒரு ரூபாய் கூட்டினாலும் அது வட்டியாகிவிடும்.

பொட்டலத்தில் அச்சிட்ட விலை

நம் நாட்டில் பொட்டலமிட்ட சரக்குகளைப் பற்றிய விதிகள் 1977-இல் வந்தன. பிறகு 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி., வரிகள் எல்லாம் உட்பட அச்சிடப்பட வேண்டும். அதற்கு மேல் எவரும் விற்கக் கூடாது. அச்சிட்ட விலையை அழிக்கவோ திருத்தவோ கூடாது. குறைத்து விற்கத் தடையில்லை. குளிர்பானத்துக்குக் ‘கூலிங் சார்ஜ்’ என்று இரண்டு ரூபாய் கூட்டி வாங்கும் பெட்டிக்கடைக்காரர் இந்த விதியை மீறுகிறார். ஓட்டல்களில் உட்கார வைத்துப் பரிமாறுவது வேறு விஷயம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடையில் கைமாற்றுவதற்கு அது பொருந்தாது.

மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலை நிர்ணயிக்கும்படி ஸஹாபாக்கள் கேட்டதையும், நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்காததையும் எடுத்துக்காட்டி, “அச்சிட்ட விலை நம்மைக் கட்டுப்படுத்தாது” என்று வாதிடுவோர் உண்டு. இவர்கள் மூன்று விஷயங்களைச் சிந்திக்க வேண்டும்.

முதலாவது, பெரும்பாலான சரக்குகளில் அந்த விலையை அரசாங்கம் நிர்ணயிப்பதில்லை. தயாரித்தவரே தம் இஷ்டப்படி அச்சிடுகிறார். அதைத் தாண்டாதே என்றுதான் சட்டம் சொல்கிறது.

இரண்டாவது, விலையை நிர்ணயிப்பது கூடாது என்று கூறும் ஷாஃபிஈ ஃபுகஹாக்களே, ஆட்சியாளர் விலை குறித்துவிட்டால் அதைப் பகிரங்கமாக மீறுபவர் தண்டிக்கப்படுவார் என்றும், எனினும் வியாபாரம் செல்லும் என்றும் எழுதியிருக்கிறார்கள். வியாபாரிகள் அளவு கடந்து ஏற்றும்போது நிர்ணயிக்கலாம் என்பது ஹனஃபி மத்ஹப்.

மூன்றாவது, அச்சிட்ட விலையை அழித்தோ அதன்மேல் சீட்டு ஒட்டியோ விற்பவர், வாங்குபவரின் கண்ணை மறைக்கிறார். அது எந்த மத்ஹபிலும் ஹராமே.

தட்டுப்பாட்டுக் காலத்தில்

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது முகக்கவசங்கள் கடைகளில் இல்லாமற் போயின. சிலர் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்துப் பல மடங்கு விலைக்கு விற்றனர். அரசாங்கம் அவற்றை அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, மூன்றடுக்குக் கவசம் 10 ரூபாய், இரண்டடுக்கு 8 ரூபாய் என்று உச்ச விலை குறித்தது.

விலையேறும் காலத்தில் வாங்கிப் பதுக்கி, மேலும் ஏற்றி விற்பது இஹ்திகார். பாவியே பதுக்குவான் என்ற கருத்தில் முஸ்லிம் கிதாபில் ஹதீஸ் உள்ளது. உணவுப் பொருள்களையே இதில் பல இமாம்கள் கருதினார்கள். எதைப் பதுக்கினால் மக்களுக்கு இடர் வருமோ அது யாவும் இதில் அடங்கும் என்றார்கள் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள். நோய்க் காலத்தில் முகக்கவசம் இதற்குப் பொருத்தமான உதாரணமாகும். சாதாரண நாளில் ஆகுமான லாபம், பிறர் தவிக்கும் நாளில் பாவமாக மாறுவதுண்டு.

மனதில் நிறுத்த வேண்டியவை

1. லாபத்துக்குச் சதவீத வரம்பில்லை. பொய்க்கும் பதுக்கலுக்கும் அனுமதியில்லை.

2. வாங்கி வரச் சொன்னவருக்கு நீங்கள் வகீல். சொல்லாமல் கூட்டிய தொகை உங்களுக்கு ஆகாது.

3. சரக்கு கைக்கு வந்த பிறகே விற்பனையை முடிக்க வேண்டும்.

4. அடக்கத்தைச் சொல்லாமல் இருக்கலாம்; சொன்னால் உண்மையையே சொல்ல வேண்டும்.

5. பொட்டலத்தில் அச்சிட்ட விலையைத் தாண்டவோ அழிக்கவோ கூடாது.

இதுவரை அறியாமல் கூட்டி வாங்கியிருப்போர், உரியவரைத் தேடிச் சென்று கொடுத்துவிட வேண்டும். அல்லது விஷயத்தைச் சொல்லி ஹலால் பெற்றுக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்தானே என்று விட்டுவிடலாகாது. சொந்தக்காரரின் ஹக்கும் ஹக்குதான். இன்று நானூறு ரூபாயாகத் தீர்ந்துவிடக்கூடிய கணக்கு, நாளை நன்மைகளைக் கொடுத்துத் தீர்க்கும் கணக்காக நின்றுவிடக் கூடாது.

உண்மை பேசும் நாவையும், ஹலாலான ரிஸ்கையும், அதில் பரக்கத்தையும் அல்லாஹு தஆலா நம் குடும்பங்கள் யாவற்றுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.